நீ அனுப்பிய டீ மசாலா

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ அனுப்பிய டீ மசாலா வந்து சேர்ந்தது. மிளகு, சுக்கு, கிராம்பு, பட்டை எல்லாம் நீயே வறுத்து இடித்தாயாம். இனிமேல் ஒரு சிட்டிகைகூட அனுப்பாதே.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் எனக்கு டீ போடக் கற்றுக்கொடுத்தாயே. "அக்கா, இஞ்சியைத் தட்டித் தண்ணியில கொதிக்க விட்டுட்டு அப்புறமா பாலை ஊத்து, இல்லேன்னா திரிஞ்சிடும்" என்றாய். உனக்குப் பல் முளைக்கும் முன்பே இந்த வீட்டில் டீ போட்டவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நீ சொன்ன அளவுக்கே மசாலாவும் போட்டேன். வேண்டாம் என்று அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். "சின்னவ ஆசையா அனுப்பியிருக்கா, கொண்டா" என்று வாங்கி, உன் கண்ணெதிரே ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். மிளகு கச்சிதம் என்று சர்டிபிகேட் வேறு. நீ கை தட்டினாய். போனை வைத்ததும் வாஷ்பேசினுக்கு ஓடினார். துப்பியதில் டீயைவிட ரத்தம்தான் அதிகம்.

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். ஐந்து மாதம் ஆகிறது. ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. உன் வேலை நிரந்தரமாகும்வரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று, தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று அதை மீறிவிட்டேன்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் உனக்குக் கண் எங்கே போயிற்று? இளைத்துவிட்டீர்களே என்று கேட்டாய், "வாக்கிங் போறேம்மா" என்றார், அதோடு விட்டாய். இந்த வெயிலில் கழுத்தில் எதற்கு மப்ளர் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மறைத்தவள் நான், கேட்கவில்லை என்று உன்னைத் திட்டுகிறேன். நியாயமில்லைதான். இருந்தாலும் திட்டுவேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போதெல்லாம் அவர் டீயில் ஏலக்காய்த் தோல் மட்டும்தான். பாலைக் கூட்டி, வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, ஸ்பூனால் கொடுக்கிறேன். "இதுக்குப் பேரு டீயா?" என்று முகத்தைச் சுளிக்கிறார். பிறகு குடித்தும் விடுகிறார்.

வருகிற மாதம் நான்காம் தேதி ஆபரேஷன். பாதி நாக்கை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் பேசினால் எங்களுக்குப் புரியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "போகப் போகப் பழகிடும்மா" என்றார். யாருக்குப் பழகும் என்று நான் கேட்கவில்லை.

லீவு இல்லை, வேலை போய்விடும் என்று எனக்குப் பதில் எழுதாதே. மூன்றாம் தேதிக்குள் வந்து சேர். உன்னை வாசலில் பார்த்ததும் எதற்கடி வந்தாய் என்று கத்துவார். மறுபேச்சு பேசாதே. அவர் திட்டித் தீர்க்கும்வரை நின்று கேட்டுக்கொள்.

பத்திரமாக வா.

உன் அக்கா