புதன்கிழமை கவுன்சிலிங்

அன்பு மகள் ஷிரினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஆள் வராமல் கடையில் கிடக்கும் குக்கர்களும் சுகம். டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொல்லலாம் என்றால் மூன்றாவது வார்த்தையிலேயே உன் அம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். முழுசும் படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

போன மாசம் நீ வாராவாரம் புதன்கிழமை கவுன்சிலிங் போவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு பற்றவில்லை. கவுன்சிலிங் என்றால் கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் காலேஜ் சீட்டுக்கு உட்கார்ந்திருப்பது. ஆறு மாசமாக ஹாஸ்டல் சோறு தின்கிற பெண்ணுக்கு இன்னுமா சீட்டு உறுதியாகவில்லை, அதுவும் வாராவாரமா கூப்பிடுவார்கள் என்று உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து டீக்கடை வேடியப்பன், சர்டிபிகேட்டில் ஏதாவது கம்மியாக இருக்கும், எல்லாவற்றையும் புதுசாக எடுத்து அனுப்பிவிடு என்றார். உன்னைக் கேட்டால் பயந்துவிடுவாய் என்று கேட்காமலேயே வேலையில் இறங்கிவிட்டேன்.

வருமானச் சான்று சுலபமாக வந்துவிட்டது, முதல் பட்டதாரி சான்றிதழ்தான் பாடாய்ப் படுத்தியது. குடும்பத்தில் ஒருவரும் டிகிரி முடிக்கவில்லை என்று வீட்டிலுள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கென்ன, எட்டாவது என்று சந்தோஷமாகப் போட்டேன், நான் படிக்காதது ஒருவருக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை. மாட்டிக்கொண்டது நம்மோடு இருக்கும் உன் மாமி பாத்திமுத்து. பி.ஏ. கடைசி வருஷத்தில் நின்றுவிட்டேன் என்று இருபது வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிவந்தவள் என் அக்கா. எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று வி.ஏ.ஓ. கேட்டதும் தலைத்துணியைச் சரிசெய்தாள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில், "பத்தாவது பெயிலுங்க, கணக்குல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை ஷிரின். பின்னால் நின்ற நைனார்பாளையத்து அம்மா ஒருவர், தனக்கும் கணக்கில்தான் போனது என்றார். மாமி வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இத்தினி வருஷமா நெஞ்சுல கல்ல வெச்சிக்கினு இருந்தேன்டா" என்றாள்.

எல்லாவற்றையும் இரண்டு போட்டோவோடு சேர்த்து, கவுன்சிலிங் ஆபீசர் என்று எழுதி உன் யுனிவர்சிட்டிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் அந்த ஆபீசர் மேடமே போன் செய்தார். இங்கிலீஷ் மழையாகக் கொட்டியது, ஒரு சொல் புரியவில்லை, மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் எஸ் மேடம் என்றேன். பிறகு அங்கே வேலை செய்யும் நம் தமிழ்ப் பெண் தேவதர்ஷினி போனை வாங்கி, சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வருகிற பிள்ளைகள், வசதி இல்லாத பிள்ளைகள், நம்மைப் போன்ற சிறுபான்மைப் பிள்ளைகள், இவர்களுக்கென்றே நடத்துகிற இடம் இது என்று விளக்கினாள். இங்கிலீஷில் எழுதச் சொல்லித்தருவார்களாம், புத்தகம் தருவார்களாம், மனசு சரியில்லை என்றால் உட்கார்ந்து கேட்பார்களாம். என் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அதை ஷிரின்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது என்றாள். முதலில் கோபம் வந்தது, யோசித்த பிறகு மரியாதை வந்தது.

அன்று சாயங்காலம்தான் நீ அம்மாவிடம் உடைத்துச் சொன்னாய், வகுப்பில் வாயே திறக்க முடியவில்லை, இருபதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், திரும்பி வந்துவிடுகிறேன் என்று. அம்மா போனை என்னிடம் நீட்டினாள், பிறகு பேசுகிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாம்மா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதை இப்போது உன்னிடம் மறைக்கவில்லை. நீ இல்லாத வீடு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வாய் வராதது உன் குற்றமில்லை ஷிரின். அந்த வாசலுக்கு நம் வீட்டிலிருந்து முதலில் போனவள் நீ. செருப்பை எங்கே கழற்றிவிடுவது என்று சொல்லக்கூட உனக்கு முன்னால் ஆளில்லை. மேடத்திடம் மனசில் இருப்பதைச் சொல், மாமி வி.ஏ.ஓ.விடம் சொன்ன மாதிரி.

இப்போது அந்த வேலை. நேற்று தேவதர்ஷினி மறுபடி போன் செய்தாள். நான் எஸ் மேடம் சொன்னது எதற்கெல்லாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்தாறாம் தேதி பெற்றோர் கூட்டம், அதில் பத்து நிமிஷம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கறி மீன் தொடாத சைவம் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதை மட்டும் எப்படியாவது மாற்றிவிடு. சொன்ன சொல்லை மீற முடியாது, எனக்கும் மாமிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன், இருபத்தைந்தாம் தேதி காலை வந்து இறங்குவோம். நீ இருபதாம் தேதியே கிளம்பிவிட்டால் நாங்கள் டெல்லியில் யாரைத் தேடுவோம்? உன் டிக்கெட்டைக் கேன்சல் செய். நான் தமிழில்தான் பேசுவேன், பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் நீதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தன்னுடைய பத்தாவது பெயிலை மாமி அங்கேயும் சொல்வாளாம், அதையும் நீதான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உன் நெஞ்சுக்குத் தைரியமும் நாக்குக்கு இலகுவும் தரட்டும். நான் அனுப்பிய சர்டிபிகேட்டுகளைத் திருப்பி வாங்கிப் பத்திரமாக வை. தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். என் பேச்சின் முதல் வரியை இப்போதே தருகிறேன், சொல்லிப் பழகிக்கொள். என் மகளுக்கு முன்னால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் இங்கே வந்ததில்லை.

இப்படிக்கு,
ஸ்டேஷனில் உன் முகத்தைத் தேடப்போகும் அத்தா,
சாதுல்லா