இந்த வருஷம் எந்தக் கட்டையில்?

ஏட்டி,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றரை ஆகிறது. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுத உட்கார்ந்தால் அவள் பேனாவைப் பிடுங்குகிறாள், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுகிறேன். இரண்டும் மாமியார் கண்ணில் படும். அதனால் மன்னித்துக்கொள்.

உன் கீபோர்டு இங்கே வந்துவிட்டது. சாயங்காலம் உன் வீட்டுக்காரர் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் கொண்டுவந்தார். பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பின் சீட்டில் குறுக்கே வைத்து, கயிற்றால் கட்டி. உள்ளே வாங்கண்ணே என்று எவ்வளவோ சொன்னேன், வரவில்லை.

"உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்தார், பிறகு அணைத்தார். "சர்ச்சுல கேக்காங்க. அவ கடைசியாப் போட்ட பாட்டத்தான் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடப் போறாங்களாம். எந்த ஸ்கேல்லன்னு யாருக்கும் தெரியல. ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ். நீங்க சொன்னா..." முடிக்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அந்த மனிதர் இளைத்துப் போய்விட்டார்.

பெட்ஷீட்டைப் பிரித்தேன். நீ வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியின் பஞ்சு வாசனை அதில் இன்னும் இருந்தது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டியிருந்தாய். அதில் நீல ஸ்கெட்ச் பேனாவால் எண்கள். 0 என்று எழுதி அடித்திருக்கிறாய். அதற்குப் பக்கத்தில் −2, அதையும் அடித்து −3, அதையும் அடித்து −5. கடைசி எண்ணை மட்டும் அடிக்கவில்லை.

அதைப் பார்த்தபடியே நின்றேன். சுவிட்சை அணைத்தால் உன் கீபோர்டு எல்லாவற்றையும் மறந்துவிடும், அதனால் எழுதி ஒட்டி வைத்தாய் என்பது புரிந்தது. விரல்களை அதே கட்டைகளில் வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கீழே இறக்கும் பட்டன் அது. ஒவ்வொரு வருடமும் எவ்வளவு இறங்கினாய் என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. இதற்கு விளக்கம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காது இருக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டவள் நான்தானே.

காலேஜில் நம் முதல் சண்டை நினைவிருக்கிறதா? பொங்கல் விழாவுக்குக் கும்மிப் பாட்டு. மெட்டுப் போட்டது நான், வாசிக்க வந்தது நீ. நான் பாடப் பாட நீ விரலை எங்கெங்கோ வைத்துத் தடவினாய்.

"எனக்கு ஜி மேஜர் மட்டும்தான் வரும். நீ ஜிக்கு வா," என்றாய்.

"ஜின்னா என்ன?"

"ஜின்னா ஜிதான். இதுக்கு மேல எங்க கொயர் மாஸ்டரைக் கேளு."

நீ ஒரு கட்டையை அழுத்தினாய். நான் அதில் ஸ பிடித்துப் பார்த்தேன். அது என் ஐந்து கட்டை. பாட்டு கிளாஸில் டீச்சர் எனக்கென்று வைத்த அதே சுருதி. உன் ஜி மேஜரை மேலே ஏறிக் கீழே இறங்கிப் பார்த்தால் என் சங்கராபரணம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏட்டி, ஒரே வீட்டுலதான் இருந்திருக்கோம். கதவு நம்பர்தான் வேற," என்றாய். அன்றைக்கு என் எகனாமிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டோம். ஜி என்றால் ஐந்து கட்டை, எஃப் நாலு, ஈ மூன்று, டி இரண்டு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கல்யாணமாகி நீ ராஜபாளையத்தில், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரைமணி நேரம், ஆனால் ஏறத்தான் முடியவில்லை. அதனால்தான் அந்த வழக்கம் வந்தது. பண்டிகைக்கு நாம் பலகாரம் மாற்றிக்கொள்ளவில்லை, பாட்டு மாற்றிக்கொண்டோம். கிறிஸ்துமஸுக்கு உன் மெட்டு எனக்கு. ஆடிப்பூரத்துக்கு என் கும்மி உனக்கு. வாங்கியவள் பண்டிகைக்கு முன் தன் குரலில் பாடித் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பண்டிகை கழியாது. நம் பாட்டுகளை உன் சர்ச் அக்காமாரும் என் தெருப் பெண்களும் தவிர யாரும் கேட்டதில்லை. அதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு ஆடிப்பூரத் தேருக்கு வந்தாயே, அது நினைவில் நிற்கிறது. ரதவீதியில் நெரிசல், நாயனம் முன்னால் போகிறது. நீ என் காதில் கத்தினாய். "நாயனம் எந்தக் கட்டைட்டி?"

"ரெண்டரை," என்றேன்.

நம்பாமல் அந்தக் கூட்டத்தில் செல்போனை எடுத்து, சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாய். டி ஷார்ப் என்று வந்தது. உன் முகம் போன போக்கு! "சரியான பிசாசுடி நீ," என்றாய். பிறகு நாயனம் போன திசையிலேயே காதை வைத்துக்கொண்டு நின்றாய். "இம்புட்டுக் கீழ வச்சும் இம்புட்டுத் தூரம் கேக்குதே," என்றாய்.

அதன் பிறகு ஒரு செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாய். உதட்டைச் சுற்றி வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். நன்னாரி சர்பத் வாங்கித் தந்தேன். "பால்கோவா ஊருக்கு வந்தா சர்பத்த வாங்கித் தந்து ஏமாத்துதா பாரு," என்று அந்தக் கடைக்காரரிடமே புகார் சொன்னாய். நானும் சிரித்துவிட்டேன். அதோடு அது முடிந்துபோயிற்று.

அந்த வருட டிசம்பரில் உன் பாட்டு நாலு கட்டையில் வந்தது. கேட்டேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றாய். மறு வருடம் மூன்று. "கொயர் அக்காமாருக்கு மேல எட்டலடி," என்றாய். இந்த வருடம் ஆவணியிலேயே அனுப்பிவிட்டாய், இரண்டு கட்டையில். நீ கீபோர்டு வாசிக்கிற வீடியோவில் விரல்களைப் பார்த்தேன், வழக்கமான ஜியில்தான் இருந்தன. சத்தம் மட்டும் டியில் வந்தது. அப்போதே கேட்டிருக்கலாம். நான் கேட்டது என்ன தெரியுமா? மறந்திருக்க மாட்டாய். "ஏன் இப்படி இறக்கிட்டே போற, சோம்பேறி? கிறிஸ்துமஸ் பாட்டு எந்திரிச்சு நிக்கணும். இது படுத்துக் கிடக்கு."

அதோடு விட்டேனா? பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டே உன் குரலை ஒரு ஆப்பில் ஏற்றி, ஐந்து படி உயர்த்தி, உன்னுடைய பழைய ஜிக்குக் கொண்டுபோய், சிரிக்கிற பொம்மை நாலு போட்டு உனக்கே அனுப்பினேன். கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், ஜியிலிருந்து டிக்கு நீ ஐந்து படி இறங்கியிருந்தாய். நான் ஐந்து படி ஏற்றி அனுப்பினேன். குரல் அணில் கத்துகிற மாதிரி கீச்சென்று இருந்தது. நீயும் சிரித்தாய். பிறகு, "அது நான் இல்லட்டி," என்று எழுதினாய். அதையும் நான் நகைச்சுவை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நீயே ஐந்து கட்டையில் பாடி ஒரு பதிவு அனுப்பினாய். என் வாயை அடைப்பதற்குத்தான். சாயங்காலத்திலிருந்து அதைத்தான் கேட்கிறேன், ஹெட்ஃபோனில், சத்தத்தைக் குறைத்து வைத்து. "தொழுவத்துல விளக்கேத்து, தூரத்துல ஆளு வருது." முதல் வரி நன்றாக வருகிறது. தூரத்துல என்று மேலே போகிற இடத்தில் நிற்கிறாய். மூச்சு. இன்னொரு தடவை தூரத்துல. மறுபடியும் மூச்சு. மூன்றாவது தடவை பாடவில்லை. "இரு, மாடி ஏறி வந்தேன், மூச்சு வாங்குது," என்று சிரிக்கிறாய்.

உன் வீட்டுக்கு மாடி கிடையாதேட்டி.

எத்தனை தடவை வந்திருக்கிறேன். ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, கொல்லையில் கொய்யா மரம். எந்த மாடியை ஏறினாய்? அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டு நான் எழுதிய பதில் இன்னும் போனில் இருக்கிறது. "பாத்தியா, அஞ்சுல எவ்ளோ நல்லாருக்கு."

பாப்பாவுக்கு இளைப்பு வந்ததிலிருந்து நான் ராத்திரியெல்லாம் அவள் மூச்சை எண்ணுகிறேன். வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணி, நாற்பதைத் தாண்டினால் விளக்கைப் போட்டு மறுபடியும் எண்ணுவேன். "பிள்ளைய நிம்மதியாத் தூங்க விடேன்," என்பார் எங்கள் வீட்டுக்காரர். இப்படிப்பட்டவள், உன் மூச்சைக் காதுக்குள்ளேயே வைத்துக் கேட்டவள், ஒரு தடவைகூட எண்ணவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு உன் வீட்டுக்காரர் சொன்னார். "இருதயத்துல வால்வு பழுது. மூணு வருஷமா மாத்திரை. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னுட்டா. 'அவ வயித்துல பிள்ளையிருக்கு, பயந்துருவா, பெத்துட்டு வரட்டும்'னா. பொறவு, 'பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்ல, இப்பப் போயி அவளைப் பயமுறுத்தக் கூடாது'ன்னா. அப்படியே தள்ளிப் போட்டுட்டா." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பயத்துக்குப் பயந்து உன் வலியை ஒளித்து வைத்தாயே, எம்புட்டு நெஞ்சழுத்தம் உனக்கு. எனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அழுதிருப்பேன். உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன், அதற்காவது உதவியிருப்பேன்.

உன் கடைசிச் செய்தியை மனப்பாடமாகச் சொல்லுவேன். "ஏட்டி, இந்த வருஷம் எந்தக் கட்டைல பாட? நீ சொல்லுதபடிதான். அஞ்சுன்னா அஞ்சு. சீக்கிரம் பதில் போடு." அது வந்தபோது ஆஸ்பத்திரியில் பாப்பா மூக்கில் மாஸ்க்கோடு என் மடியில் கிடந்தாள். பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்கும் தெரிந்திருக்கும், வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பதில் போடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் துணி, மருந்து, தூக்கம். ஒன்பது நாள். பத்தாம் நாள் உன் வீட்டுக்காரர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. அவரை இரண்டாம் தடவை சொல்ல வைத்தேன்.

அஞ்சுன்னா அஞ்சு என்று எழுதினாயே. நான் அஞ்சு என்று சொல்லியிருந்தால் அந்த வால்வோடு நின்று பாடியிருப்பாயா? பாடியிருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு.

சற்று முன்பு கீபோர்டைச் சமையல் மேடையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். நீ சொல்லித் தந்த அந்த ஒரு ஜி மட்டும் எனக்கு வாசிக்கத் தெரியும். முதலில் 0 வைத்து உன் பாட்டை வாசித்தேன். கணீரென்று நன்றாகத்தான் இருந்தது, நான் ஆசைப்பட்ட மாதிரியே. பாப்பா தொட்டிலில் புரண்டு சிணுங்கினாள். பிறகு பிளாஸ்திரியைப் பார்த்து −5 வைத்தேன். கூடவே பாடினேன். தொழுவத்துல என்பது என் குரலுக்கு அடியில் போய்விடுகிறது, பாதி காற்றுதான் வருகிறது. ஆனால் தூரத்துல என்கிற இடத்தில் மூச்சு முட்டவில்லை. நிதானமாக ஏறிப் போய் நின்று பார்க்க முடிந்தது. படுத்துக் கிடக்கிறது என்று நான் சொன்ன பாட்டு அந்த இடத்தில் எழுந்து நிற்கிறது. தூரத்தில் வருகிற ஆள் தெரிகிறார். இதை நீ இந்த உயரத்தில்தான் கட்டியிருக்கிறாய். உன் மூச்சு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து, அதற்குள் ஒரு பாட்டு முழுசாக நிற்கும்படி கட்டியிருக்கிறாய். நான்தான் கேட்கவில்லை.

பாப்பா தூங்கியது அந்தப் பாட்டில்தான். எண்ணினேன். முப்பத்திரண்டு.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், இவ்வளவு பிந்திவிட்டாலும்: ரெண்டு கட்டை. உன் டி மேஜர். உன் சர்ச் அக்காமார், "ரொம்பக் கீழ இருக்கேம்மா," என்பார்கள். சொல்லட்டும். தேர் அன்றைக்கு நாயனத்தைக் கேட்டு நீ சொன்னதை அவர்களிடம் சொல்லுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை எங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு காலையிலேயே பஸ் ஏறி வாரேன். விட்டுவிட்டு வருவதற்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வாரேன். நானே வாசிக்கிறேன். அந்தப் பிளாஸ்திரியை எடுக்க மாட்டேன், ஓரம் பிரிந்திருக்கிறது, மேலே டேப் ஒட்டிக்கொள்ளுகிறேன்.

உன் பாட்டை ரெண்டு கட்டையில் பாடி இப்போது உன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். நம் வழக்கப்படி நான் திருப்பிப் பாடியாயிற்று. ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. உன் போன் அணைந்து கிடக்கிறது என்று தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தூரத்துல என்பதை நான் இழுத்தது சரிதானா என்று கேட்டுச் சொல். சீக்கிரம் பதில் போடு.