இரும்புக் கோதுத் தோட்டாக்கள்

1996 யூன் 15, சனி
இன்றும் கண்ணை மூடிவிட்டேன். இருபது வெடி வைத்தேன், இருபது தரமும். விசையை அழுத்த முன்பே உடம்பு சுருங்குகிறது. ஊரில் ஷெல்லடிக்குப் பங்கருக்குள் பதுங்கிப் பழகிய உடம்பு. மார்க்கம் நகருக்கு வடக்கே உள்ள இந்தச் சூட்டுக் கழகத்தில் சேர்ந்ததே அந்தப் பயத்தை வெல்லத்தான்.

வீட்டில் இவருக்குக் கோபம். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் காசு குடுத்துச் சுடப் போறீர்."

"இஞ்ச சத்தம் எப்ப வருமெண்டு எனக்குத் தெரியுமப்பா. நான்தானே சுடுறன்."

யூன் 29
மருந்து அடைக்கும் கோது பித்தளையில் இருக்கிற தோட்டா கட்டுப்படியாகாது. இரும்புக் கோதில் வருவது பாதி விலை. பச்சைப் பூச்சு, பார்வைக்கு அழகில்லை. ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். நிறையச் சுட்டால்தானே பயம் தெளியும்?

யூலை 20
வெட்கம். சுட்ட கோது துவக்குக்குள் இறுகிவிட்டது. எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இராசரத்தினம் அண்ணைதான் தடியால் தட்டி எடுத்தார். கழகத்தில் என்னைத் தவிர இருக்கிற ஒரே தமிழாள் அவர். பத்து வருஷமாகச் சுடுகிறார். "உந்த இரும்பு துவக்கைத் தின்னும், தங்கச்சி. பொம்பிளையளுக்கு உது ஏன்?"

ஏன் எண்டு அவருக்கு நான் ஏன் சொல்லோணும்?

யூலை 21
துவக்கைப் பிரித்துத் துடைத்தேன். தோட்டா போய் இருக்கும் குழியில் பழைய கிறீஸ் தார் போல இறுகிக் கிடந்தது. என்னுடையது பழைய ரஷ்ய இராணுவத் துவக்கு; அங்கே பெட்டியில் அடைத்தபோது துருப்பிடிக்காமல் பூசியதாக இருக்கும். ஐந்து துணி கறுத்தது.

பிழை இரும்பில் இல்லை.

ஓகஸ்ட் 24
நாற்பது வெடி. ஒன்றும் இறுகவில்லை. ஒன்றுக்கும் கண் மூடவில்லை.

செப்ரெம்பர் 14
சுடும் சன்னங்கள் எல்லாம் குறிக்கு இடப்பக்கம் விழுகின்றன, ஆனால் நெருக்கமாக. துவக்கு நுனியில் உள்ள குறிமுள்ளை மயிரளவு தட்டினேன். நடுவுக்கு வந்தன.

போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். "போட்டியண்டைக்கெண்டாலும் பித்தளை வாங்கும்," என்றார் அண்ணை. வாங்குவதா? இவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "நீர் பழகினது எதில? அதிலயே சுடும்," என்றார்.

இவரா சொன்னது?

ஒக்ரோபர் 5
பழைய இராணுவத் துவக்குப் பிரிவு. பதினாறு பேர், நான் ஒருத்திதான் பெண். நூறு மீற்றர், இருபது வெடி. அண்ணை புதுப் பித்தளைத் தோட்டாப் பெட்டி ஒன்றை அங்கேயே உடைத்தார். அந்தத் தோட்டா அவர் பழகியதைவிட உயரத்தில் போய்ப் பட்டது. அவர் அதைக் கண்டு குறியைத் திருத்துவதற்குள் ஆறு வெடி போய்விட்டது. எனக்கு என் தோட்டா எங்கே போகும் என்று தெரியும். கோடை முழுக்க எண்ணூறு சுட்டிருக்கிறேனே.

இருநூறு புள்ளிக்கு நூற்று எழுபத்தொன்று. முதலாமிடம். அண்ணைக்கு நூற்று அறுபத்துநாலு, இரண்டாமிடம்.

வந்து கை தந்தார். "எங்க வாங்கினனீர் உந்தப் பெட்டி?"

சொன்னேன். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தனியே இருந்து சிரித்தேன், வயிறு நோக.

நவம்பர் 2
அடுத்த வருஷ மாகாணப் போட்டிக்குப் போகும் அணியின் பட்டியல் கழகச் சுவரில் ஒட்டியிருந்தது. நாலு பெயர். என்னுடையதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. கந்தோர் அலுவலரிடம் பேனை வாங்கி, விட்ட எழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.