திட்டு திரும்பி வந்தது

என் தங்கமே,

உன் அப்பா பேசிவிட்டார்! பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோயிருந்த மனிதர்.

எல்லாம் ஊரார் சேர்ந்து லாபம் பார்க்காமல் நடத்தும் நம் தெருமுனை ஆஸ்பத்திரியின் புண்ணியம். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வீட்டுக்கே வருகிறாள். படம் காட்டினாள், பாடச் சொன்னாள். இவரோ முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, சாருக்கு எதுல கோபம் வரும்?" என்றாள்.

"எதுல வராதுன்னு கேளும்மா."

"நல்லதாப் போச்சு. சில பேருக்குத் திட்டுதான் முதல்ல திரும்பி வரும்."

அடுத்த முறை அவள் வந்தபோது, சர்க்கரை போடாமல் அவருக்கு டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் சிவந்தது.

"சனியனே!"

தெளிவாக, அதே பழைய குரலில். அந்தப் பெண் கைதட்டினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

அந்த வாய்க்குப் பயந்துதான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

நேற்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், திக்கித் திக்கி, "கழுதை... எங்க?" என்றார்.

இந்த வீட்டில் அவர் கழுதை என்று கூப்பிடுவது உன் ஒருத்தியைத்தான்.

சந்தோஷமாக,
சனியன்