குளத்தூரில் சொன்னது

சென்னை,
8.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசலாம் என்றால் உங்கள் மகள் பிரகதி கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறாள். ஆறு வயசுக்கு அத்தனை காது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. முடி கொத்துக் கொத்தாக வருகிறது. நேற்று தலையணையைத் தானே தட்டிவிட்டு, "அம்மா, கூட்டிரு" என்றாள்.

எலும்பு மஜ்ஜையை எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினார்களே, முடிவு வந்துவிட்டது. ஒரு ஜீன் மாறியிருக்கிறதாம். அதைப் பொறுத்து மருந்தும் மாறுமாம். வியாழக்கிழமை உட்கார வைத்து விளக்குகிறேன் என்றார்கள் டாக்டரம்மா. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம், அத்தையிடம்கூட. எனக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வருகிறது. நீங்கள் முந்திரித் தோப்பில் வெயிலோடு நிற்காதீர்கள்.

உங்கள்
செல்வராணி

கந்தர்வக்கோட்டை,
13.6.2024

அன்புள்ள ராணிக்கு,

முடி கொட்டுகிறது என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயாவது வேளைக்குச் சாப்பிடு.

கோபப்படாதே. அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. "ஜீனுன்னா பரம்பரைதானப்பா? நான் பொறந்த வீட்டுல யாருக்கும் இப்புடி இல்லை. எல்லாம் அவ ஆத்தா வழி ரத்தம்" என்றது. உன் தாய்மாமன் ஒருவர் சின்ன வயசிலேயே வெளிறிப்போய்ச் செத்தது எனக்கும் நினைவு வந்தது.

உன் தங்கச்சி பரிமளாவுக்குக் குளத்தூரில் பூ வைத்திருக்கிறோம். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், மூத்த மாப்பிள்ளை தெரிந்தே மறைத்தான் என்று என்னைத்தானே கேட்பார்கள்? நேற்று நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மனசு லேசாயிற்று. யோசித்தால் நீயும் சரி என்பாய்.

வசந்தகுமார்

சென்னை,
19.6.2024

மாமாவுக்கு,

பரிமளா போன் செய்தாள். பூ வைத்த புடவையைக் குளத்தூர்க்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவள் அழக்கூட இல்லை. "அக்கா, எனக்கும் அந்த ஜீன் இருக்கா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இது என்னிடமிருந்தும் வரவில்லை, உங்களிடமிருந்தும் வரவில்லை. பிள்ளையின் மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் தானாகவே இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அது பெருகித்தான் நோயானது. நோய்ச் செல்லைத் தவிர அவள் உடம்பில் வேறெங்கும் அந்த மாற்றம் கிடையாது. சித்திக்கு எப்படி வரும்? முன்பெல்லாம் இந்த வகை ரத்தப் புற்று என்றால் டாக்டர்களே கையைப் பிசைவார்களாம். இப்போது அந்த மாற்றத்தையே குறிவைத்து அடக்குகிற மாத்திரை இருக்கிறது. டெஸ்ட் எடுத்ததே அதற்குத்தான். தினமும் கொடுக்கிறோம்.

வியாழக்கிழமை வரை பொறுக்கத்தானே சொன்னேன்? என் அம்மா வழி ரத்தம் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே. அதே வீட்டுக்குப் போய், அதே ஆட்களிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

செல்வராணி

கந்தர்வக்கோட்டை,
26.6.2024

ராணிக்கு,

சனிக்கிழமை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுநாள் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார்கள். "நீங்கதானே வந்து இருக்குன்னீங்க, இப்ப இல்லைங்கிறீங்க. எதை நம்புறது?" என்றார் பையனின் அப்பா. அவனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்றாம்.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், ராணி. வீட்டில் அம்மாவோடும் பேச்சில்லை. பதினாலாம் தேதி வருகிறேன். நீ எதுவும் பேச வேண்டாம், முகத்தைப் பார்த்தால் போதும்.

வசந்தகுமார்

சென்னை,
4.7.2024

பிரகதியின் அப்பாவுக்கு,

மஜ்ஜையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று என்ற அளவில் தேடியும் நோய்ச் செல் அகப்படவில்லை. குணமாகிவிட்டது என்று இப்போதே சொல்ல முடியாதாம், இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து உண்டு. ஆனாலும் டாக்டரம்மா சிரித்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

நீங்கள் குளத்தூர் போனது சந்தோஷம். ஆனால் அன்றைக்குச் சந்தேகம் வந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. எவ்வளவு யோசித்தும் அதைத் தாண்ட என்னால் முடியவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. பரிமளா வந்து என்னோடு இருக்கிறாள். இங்கே முடிந்ததும் அம்மா வீட்டுக்குத்தான் போவோம்.

பதினாலாம் தேதி கட்டாயம் வாருங்கள். பிள்ளை நாள் எண்ணுகிறாள். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். மாத்திரை ஐந்து மணிக்கு, சாப்பிட்ட பிறகு. வார்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருத்தரைத்தான் விடுவார்கள். நீங்கள் வந்ததும் நான் கீழே இறங்கிப் போய்விடுவேன்.

செல்வராணி