ஆடியில் வந்த தந்தி

கள்ளக்குறிச்சி
20-8-1972

அன்புள்ள அம்சாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய், எழுதாவிட்டால் பயப்படுவாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆடி முடிந்து நாலு நாளாகிறது. புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத் தாய்வீட்டில் வைப்பது வழக்கம். ஆவணியிலும் வைப்பது எந்த ஊர் வழக்கம்? உன் கோபம் தெரிகிறது. ஆடியில் நான் கொடுத்த அந்தத் தந்தி விளையாட்டுதான் அம்சா. அப்போது டாக்கீஸில் நான் ஓட்டிய சிரிப்புப் படத்தில், சாகக் கிடப்பதாகச் சொல்லித்தான் அவன் அவளை வரவழைக்கிறான். அவள் ஓடி வருகிறாள், அவன் எழுந்து சிரிக்கிறான், அவள் அவன் நெஞ்சில் குத்துகிறாள், உடனே பாட்டு. படம் ஓடிய பதினோரு நாளும் கொட்டகை சிரித்தது. டிக்கெட் கிழிக்கும் மாயவன்தான், “இன்னாண்ணே, மெஷினையே மொறச்சிக்கினு நிக்கிற? நீயும் ஒரு தந்தி வுடேன்” என்று ஏற்றிவிட்டான்.

நீ இல்லாமல் சோறு இறங்கவில்லை. வந்துவிடு.

உன்
ஆதிமூலம்


மூங்கில்துறைப்பட்டு
26-8-1972

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா சுகம். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

நான் வந்த வழி உங்களுக்குத் தெரியாது. ‘சீரியஸ், உடனே புறப்படு’ என்று தபால்காரர்தான் படித்துச் சொன்னார். செருப்புகூடப் போடாமல் பஸ் ஏறினேன். சங்கராபுரம் வரை அழுதேன். அதற்கப்புறம் அழுகை நின்றுவிட்டது. இனி எந்த வேலைக்குப் போவது, உங்கள் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது என் மனசில் நீங்கள் போய்ச் சேர்ந்து, காரியமும் முடிந்துவிட்டது.

நீங்கள் பாயிலிருந்து எழுந்து, “எப்பிடிக்கீது நம்ம ஆக்டிங்?” என்றீர்கள். மாயவன் கைதட்டினார். எனக்கு உங்களைக் குத்தத் தோன்றவில்லை. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் தோன்றியது.

அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி
1-9-1972

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் கடிதத்தை மாயவனுக்குக் காட்டவில்லை. நான்தான் மூன்று முறை படித்தேன்.

சாமி படமும் ராஜா படமும் ஓட்டிய நாளில் ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. இந்தச் சண்டைக் காதல் படங்கள் வந்த பிறகுதான் பெண்டாட்டியோடு வம்பளக்கலாம், கெஞ்சலாம் என்றே எனக்குத் தெரிந்தது. உன்னை அம்சா என்று கூப்பிட்ட தைரியம் அங்கே கிடைத்ததுதான். அந்தப் படங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாதிதான் போலிருக்கிறது.

இந்த வாரமும் ஒரு சிரிப்புப் படம். அதிலும் ஒருத்தி பதறி ஓடி வருகிறாள். அவள் கதவைத் திறப்பதில்தான் காட்சியே ஆரம்பிக்கிறது. வழியில் என்ன நினைத்தாள் என்று ஒரு அடி ஃபிலிம்கூட இல்லை. கொட்டகை சிரித்தது. என்னால் முடியவில்லை.

தப்புச் செய்துவிட்டேன். மன்னிப்பாயா?

ஆதிமூலம்


மூங்கில்துறைப்பட்டு
8-9-1972

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு உங்களுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகி ஆள் வந்து சொன்னாலும், அன்றைக்கு ஓடி வந்த மாதிரி இனி என்னால் ஓடி வர முடியாது. முதலில் செருப்பைத் தேடுவேன். நடந்துதான் வருவேன்.

அப்படிப்பட்டவளோடு குடித்தனம் நடத்த முடியுமென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள்.

அம்சா