கொக்கு முகமூடிக்கு என் குரல்

3 யூன் 2025, செவ்வாய்

பின்னேரம் லூர்தம்மா அக்கா போன் எடுத்தார். எங்கள் தேவாலயப் பங்கின் தமிழ் ஒன்றியத்துக்கு அவர்தான் தலைவி, செயலாளர், பொலிஸ் எல்லாம். சுற்றாடல் மாதமாம். 21ஆம் திகதி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு ஜப்பான் படம் போடுகிறார்களாம். கொக்கு முகமூடி மாட்டிய ஒருவன் கடலில் நஞ்சு கொட்டும் தொழிற்சாலையோடு சண்டை பிடிக்கிறான். போதாததற்குக் கடலடிச் சேற்றிலிருந்து ஒரு பூதமும் எழும்பி வருகிறது. பேச்சு ஜப்பான் மொழி, கீழே எழுத்து இங்கிலீஷ். கூட வரும் வயது போன சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் மைக்கில் நேரடியாகத் தமிழ் பேச ஆள் வேண்டும். கொக்குக்கு நான்.

கொக்கு ஆம்பிளையல்லவா என்றேன். "முகமூடிக்குள்ள ஆர் பார்க்கப்போகினம், டயனா?"

பூதத்துக்கு யாரென்று கேட்டேன். கீர்த்திகா.

போச்சு.

4 யூன்

நானும் கீர்த்திகாவும் கதைத்து ஆறு மாதமாகிறது. போன கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் நான் எழுதி நடித்த பகிடி நாடகம்தான் காரணம். கலியாண வீட்டில், சனம் எழும்ப முதலே கைப்பையிலிருந்து வெறும் ஐஸ்கிறீம் பெட்டியை எடுத்து, றோல்ஸ் அடுக்கும் ஒரு பெண். நான் பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? கீர்த்திகாவின் நடையை நடந்தேன், அவள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவதுபோலத் தூக்கிவிட்டேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் வரிசையில் அவளும் சிரித்தாள். அடுத்த நாள் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இருபத்திரண்டு வருடச் சிநேகிதம். ஒரு பகிடியைத் தாங்காதா? நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பகிடி விட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் எனக்குச் சமைக்க நேரமிராது.

கேட்பதற்கு ஆளில்லாமல் என் ஊர்க்கதை, புதினமெல்லாம் வயிற்றுக்குள் கிடந்து புளிக்கிறது. அது வேறு விஷயம்.

7 யூன், சனி

முதல் ஒத்திகை. "எடியே" என்று கூப்பிட்டவள் இன்று "நீங்கள் கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களோ?" என்றாள். நீங்களாம்!

ஒன்றரை மணித்தியாலம் பறந்து பறந்து அடித்த கொக்கு, கடைசியில் பூதத்தைக் கொல்லவில்லை. முகமூடியைக் கழற்றி அதனிடம் மன்னிப்புக் கேட்கிறது. அந்தத் தொழிற்சாலையில் அவனும் முன்பு வேலை செய்தவனாம். எந்தப் படத்தில் இப்படி நடக்கும்? எனக்கென்று வந்து வாய்க்கிற படத்தில் நடக்கும்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்று வாசித்தேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ. மனசிலயிருந்து வரேல்லை" என்றாள் கீர்த்திகா.

ஏழு தரம்! எட்டாம் தரம் நான் கத்திவிட்டேன். "கொக்குக்குக் கோவம் வரக்கூடாது" என்றார் லூர்தம்மா அக்கா, தேத்தண்ணிக் கோப்பையை இறக்காமல். அந்த மனிசிக்கு என்ன சந்தோசம்!

8 யூன், ஞாயிறு

பூசை முடிய மாமாவிடம் போனேன். என் கணவர் றஜீவின் அப்பா, செபஸ்தியாம்பிள்ளை, எண்பத்துநாலு வயது. இரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஊருக்கு நாங்கள் சொல்லியிருப்பது: கனடாவில் சின்ன மகனோடு இருக்கிறார். "தகப்பனைக் கொண்டுபோய் விட்டிட்டினம்" என்று கதைக்கும் வாய்களை எனக்குத் தெரியும். அதில் பெரியது என்னுடையது.

இங்கே உண்மை தெரிந்த ஒரே வெளியாள் கீர்த்திகா. அவளுக்கு அந்த இல்லத்தில்தான் வேலை, கிழமைக்கு மூன்று ஷிப்ட். மூச்சு விடமாட்டேன் என்று அப்போதே சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பிறஷர் இருக்கிற மனிசனுக்கென்று உப்பில்லாத சொதியும் இடியப்பமும் கொண்டுபோனேன். இரண்டு வாய் வைத்தார். "பிறகு சாப்பிடுறன், பிள்ளை." ஆனாலும் ஆள் மெலியவில்லை, கன்னமெல்லாம் பளபளப்பு. என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

11 யூன்

"ஒருக்காச் சொறி எண்டா என்ன குறைஞ்சிடும்?" என்கிறார் றஜீவ். இந்த மனிசன் யார் பக்கம்?

14 யூன், சனி

கை சும்மா இருந்தால்தானே. பூதத்தின் வசனத்தில் என் பாட்டுக்கு ஒன்றைச் செருகிவிட்டேன்: "கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவேன்!" கீர்த்திகா வாசித்தாள். தாளை மேசையில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன் — சண்டைக்குத்தான், வேறென்ன.

கார்ப்பார்க்கில் திரும்பி நின்றாள்.

"எடி, அந்தப் பெட்டி ஆருக்கெண்டு ஒருநாளாவது என்னைக் கேட்டனியோ?"

அவளே சொன்னாள்.

"உன்ர மாமாவுக்கு. உன்ர சொதி அந்த மனிசனுக்கு இறங்குதில்லை. நேர்ஸிட்டைக் கேட்டுத்தான் ரண்டு றோல்ஸ் குடுக்கிறனான். நீ மனம் நோவாயாம், உனக்குச் சொல்லவேண்டாமெண்டு அவர்தான் சொன்னவர். அண்டைக்கு எழும்பிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம்? சொன்னா, அவர் எங்க இருக்கிறாரெண்டும் சொல்லவேணும். உனக்குச் சத்தியம் பண்ணின நான், இருந்து சிரிச்சன்."

ரோட்டில் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் என்ன மனிசி? என்ர பொய்யைக் காப்பாத்திக்கொண்டு அவள் அதில இருக்க, நான் மேடையில நிண்டு அவளின்ர நடையை நடந்து காட்டியிருக்கிறன். கைதட்டுக்குக் குனிஞ்சு வணக்கம் வேற.

15 யூன், ஞாயிறு

மாமாவைக் கேட்டேன். உடனேயே ஒப்புக்கொண்டார். றோல்ஸை விட மட்டன் பற்றீஸ்தான் திறமாம். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு,

"நான் கனடாவில எண்டு சொல்லி வச்சிருக்கிறியளாம். அங்க இப்ப குளிரோ, பிள்ளை?"

றஜீவ் யாருக்கோ போனில் சொன்னதைக் கேட்டாராம். எப்போது? "போன வருசம்." ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டுதான் என் சொதிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

எனக்கு நல்லா வேணும்.

கீர்த்திகாவுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். வாட்ஸப்பில் பத்து வரி எழுதினேன். நீலச் சரி இரண்டும் விழுந்தது. பதிலில்லை.

17 யூன்

இல்லை.

19 யூன்

லூர்தம்மா அக்கா சொன்னார்: கீர்த்திகா சனிக்கிழமை வருவாளாம், ஆனால் படம் முடிந்தவுடன் போய்விடுவாளாம். ஒன்றியத்திலிருந்தும் விலகுகிறாளாம். "உனக்கேதும் தெரியுமோ?" அக்காவுக்கு எதையாவது தெரியாதென்று சொன்னது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

இரவு றஜீவிடம் என் முடிவைச் சொன்னேன். வீல்செயார் ஏற்றும் ராக்சிக்குத் தானே சொல்லி வைப்பதாகச் சொன்னார்.

21 யூன், சனி

மாமாவைக் கோட்டும் சூட்டும் போட்டுக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் விட்டேன். மண்டபம் நிறையச் சனம். லூர்தம்மா அக்கா ஓடி வந்தார். "ஐயா எப்ப கனடாவிலயிருந்து?"

மாமா என்னைப் பார்த்தார். சொல்லட்டா விடட்டா என்று கேட்கிற பார்வை. அவரைச் சொல்லவிடக்கூடாது என்று தோன்றியது. மைக் கையில் இருந்தது. மேடையில் நின்று ஒருத்தியைச் சிரிப்பாக்கத் தெரிந்தவளுக்கு இதுவும் தெரியவேண்டும்.

"மாமா கனடாவுக்குப் போகேல்லை. ரண்டு வருசமா இஞ்ச ஹோமில இருக்கிறார். பொய் சொன்னது நான். ஒளிவிழாவில நான் பகிடி பண்ணின அந்த ஐஸ்கிறீம் பெட்டி, இவருக்குச் சாப்பாடு கொண்டுபோன பெட்டி. கொண்டுபோனது கீர்த்திகா."

பகிடியென்று நினைத்துப் பின்னால் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். நல்லகாலம், பிள்ளைகள் "படம்! படம்!" என்று கத்தத் தொடங்கின.

கீர்த்திகா தன் மைக்குக்குப் பின்னால் நிமிராமல் இருந்தாள். ஒன்றரை மணித்தியாலம் நான் பறந்தேன், அவள் உறுமினாள். கொக்கு முகமூடியைக் கழற்றியது. என் வசனத்தை ஒருதரம்தான் சொன்னேன். திரையில் பூதம் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூதம் பேச்சு மூச்சில்லாமல் கடலுக்குள் போய்விட்டது. ஊமைப் பூதம் என்று பிள்ளைகளுக்குச் சரியான கோபம்.

படம் முடிந்து நான் வயர்களைச் சுற்றிவிட்டு வர, மாமாவின் வீல்செயாரை ராக்சிவரை தள்ளிக்கொண்டு போனது அவள்தான். என்னோடு ஒரு சொல் இல்லை.

22 யூன், ஞாயிறு

பூசையில் நான் இருந்த வாங்கில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருந்தது. ஒருவரும் வந்து இருக்கவில்லை. பரவாயில்லை, நானென்றாலும் தள்ளித்தான் இருந்திருப்பேன்.

24 யூன், செவ்வாய்

காலை ஏழேகாலுக்குப் போன். கீர்த்திகா. சுகம் விசாரிக்கவில்லை, சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லூர்தம்மா அக்கா வீட்டில் நடந்த ஒரு சங்கதியை நாற்பது நிமிடம், முதலிலிருந்து கடைசிவரை, குரல் மாற்றி நடித்தே காட்டினாள். எனக்கு வேலைக்குப் பிந்திவிட்டது. மூன்று பகிடி நாடகத்துக்குக் காணும் சங்கதி.

இங்கே எழுதவில்லை.